காய்ந்ததுபோல் தெரிந்த மண்

என் கணவர் விழுந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், "இன்னிக்கு வேணாம், இன்னும் ரெண்டு நாள் காயட்டும்" என்று அவர் சொன்னார். போயே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது நான்தான். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பிறகு எழுதலாம் என்று தள்ளிவைத்தால் எழுதாமலே விட்டுவிடுவேன் என்று எனக்கே தெரியும்.

செங்கம் சாலையில், ரமணாசிரமத்தை ஒட்டிய தெரு ஒன்றில், வெளியூர்க்காரர்கள் தங்கும் சிறிய விடுதியில் வரவேற்பு வேலை எனக்கு. அங்கே ஆறு மாதம் தங்கியிருந்த ஒரு வெளிநாட்டுத் தம்பதி ஊருக்குக் கிளம்பும்போது, தங்கள் இரண்டு மலை சைக்கிள்களையும் எங்களிடம் விட்டுப்போனார்கள். தடித்த டயர், டயர் முழுக்க முள் முள்ளாக ரப்பர், முன்பக்கத்தில் அதிர்ச்சி தாங்கும் ஃபோர்க். இரண்டு மாதம் மாடிப்படிக்குக் கீழே துணி காயப்போடத்தான் அவை பயன்பட்டன. அந்தச் சமயத்தில்தான் என் கணவருக்குச் சர்க்கரை ஆரம்பித்தது. மருத்துவர் நடக்கச் சொன்னார். இவருக்கு நடப்பது பிடிக்காது. "சைக்கிள்னா ஓட்டறேன்" என்றார்.

அவர் இருபது வருடம் ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் வண்டியில் வேலை பார்த்தவர். இந்த மாவட்டத்தில் அவர் துளை போடாத ஊர் குறைவு. கம்ப்ரசர் சத்தத்துக்குப் பக்கத்திலேயே நின்று நின்று இரண்டு காதும் மந்தம். வீட்டில் நாங்கள் சாதாரணமாகப் பேசுவதே தெருவுக்குச் சண்டை போலக் கேட்கும். ஆனால் மண் என்றால் அவருக்கு அப்படி ஒரு ஞாபகம். பூமிக்குள்ளிருந்து வரும் தூளை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தே அடியில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவார். அந்தப் பழக்கத்தைச் சைக்கிளுக்கும் கொண்டுவந்தார்.

எங்கள் வழி எப்போதும் ஒன்றுதான். அடி அண்ணாமலையைத் தாண்டி, கிரிவலப் பாதையை விட்டு மேற்கே திரும்புவோம். கொஞ்ச தூரத்தில் தார் முடிந்துவிடும். அங்கிருந்து செம்மண் பாதை. பிறகு ஒரு மொரம்பு மேடு. சின்னச் சின்ன கூழாங்கல்லும் செந்தூளும் கலந்த மேடு. அதில் ஏறி அந்தப் பக்கம் இறங்கினால் ஒரு ஏரியின் உள்வாய், தண்ணீர் நிற்க வேண்டிய பரப்பு. ஏரி பல வருடமாக நிரம்பவில்லை. மதகுப் பக்கம் மட்டும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். மற்ற இடமெல்லாம் கறுப்புக் களி, நடுவே நடுவே சீமைக் கருவேலம். அதைக் கடந்து ஏரிக்கரை மேல் ஏறிச் சுற்றிக்கொண்டு வந்தால் மறுபடியும் தார்ச் சாலை. எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி நேரம்.

ஒரே வழிதான் என்றாலும் மாதத்துக்கு மாதம் அது வேறு வழியாகிவிடும். சித்திரை வெயிலில் செம்மண் மாவு மாதிரி பறக்கும், திருப்பத்தில் பின் டயர் வழுக்கிக்கொண்டு ஓடும். மொரம்பு மேட்டில் கூழாங்கல் உருண்டு காலை வாரிவிடும். அப்போது ஏரிக் களி மட்டும் சிமெண்ட் தரை போலக் கெட்டியாக இருக்கும்; வெடிப்புகளுக்குள் சக்கரம் மாட்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். கோடை மழை ஒன்று பெய்து மறுநாள் போனால் செம்மண் டயரைக் கவ்விப் பிடிக்கும். அப்படிப்பட்ட நாள் வருடத்தில் பத்துக்கூட வராது. அந்த நாட்களில் அவர் சின்னப் பிள்ளை மாதிரி கத்திக்கொண்டு இறங்குவார். ஆனால் மழை இரண்டு நாள் தொடர்ந்தால் எல்லாம் தலைகீழ். மேடு நன்றாக இருக்கும், தண்ணீர் நிற்காது. ஏரிதான் மோசமாகிவிடும். "செம்மண்ணு தண்ணிய கீழ வுட்டுடும். களி வுடாது, புடிச்சு வச்சிக்கும்" என்பார்.

மழைக்காலத்தில் மேட்டிலிருந்து இறங்கியதும் வண்டியை நிறுத்திவிட்டு, குனிந்து ஒரு பிடி மண் எடுத்து உருட்டுவார். உருண்டை உதிர்ந்தால் போகலாம். உதிராமல் விரலில் ஒட்டினால் திரும்பிவிடுவோம். அவர் உருட்டாமல் நாங்கள் ஏரிக்குள் இறங்கியதில்லை, அந்த ஒரு நாள் தவிர.

அந்த வருடம் ஆடியில் என் அம்மா இறந்துபோனார். கடைசி நான்கு மாதம் எங்கள் வீட்டில், எங்கள் அறையில்தான் இருந்தார். போன பிறகு எனக்கு வீட்டில் இருக்க முடியவில்லை. வேலையிலும் இருக்க முடியவில்லை. அழுகை வந்தால்கூடப் பரவாயில்லை, அதுவும் வரவில்லை. மூச்சு பாதியில் நின்றுவிடும், அவ்வளவுதான். சைக்கிளில் ஏறி மேட்டில் மிதிக்கும்போது மட்டும் மூச்சு முழுசாக உள்ளே போகும். அந்த ஒன்றரை மணி நேரத்துக்காக நான் வாரம் முழுக்கக் காத்திருந்தேன். அது என் கணவருக்குத் தெரியும். அதனால்தான் அன்றைக்கு அவரால் என்னை மறுக்க முடியவில்லை.

ஐப்பசி. புதன்கிழமை தொடங்கிய மழை வெள்ளி இரவுவரை விடவில்லை. சனிக்கிழமை சுள்ளென்று வெயில் அடித்தது. ஞாயிறு காலையிலும் வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது.

"மேல காஞ்சிருக்கும். உள்ள காஞ்சிருக்காது" என்றார் அவர்.

"மேட்டு வரைக்கும் போய்ட்டு வந்துடலாங்க. ஏரிக்குள்ள எறங்க வேணாம்."

"மேட்டு வரைக்கும்தான்."

"சரி, மேட்டு வரைக்கும்தான்."

ஆறரை மணிக்குக் கிளம்பினோம். என் போன் இரவெல்லாம் சார்ஜில் இல்லை என்பதை அப்போதுதான் பார்த்தேன். செருகி வைத்துவிட்டு, "ஒங்ககிட்ட இருக்குல்ல, போதும்" என்றேன்.

செம்மண் பாதை அப்படி ஒரு அருமை. ஈரமும் இல்லாமல் தூசும் இல்லாமல், சக்கரம் போன கோடு வெட்டி வைத்த மாதிரி பதிந்தது. மேட்டில் ஒரு தடவைகூடக் கால் ஊன்றாமல் ஏறினேன். உச்சியில் நின்று தண்ணீர் குடித்தோம். கிழக்கே அண்ணாமலை, பச்சை பிடித்துப்போய், அருவி மாதிரி ஒன்றிரண்டு வெள்ளைக் கோடுகளோடு நின்றது. இந்தப் பக்கம் கீழே ஏரி. களியின் மேல் பொருக்கு வெளுத்து, சின்னச் சின்ன வெடிப்புகூட விட்டிருந்தது. ஓரமாக ஆட்டுக் குளம்புத் தடம் தெரிந்தது.

"பாருங்க, காஞ்சிட்டுது. ஆடு போயிருக்கு" என்றேன்.

"ஆடு கனம் இன்னா, நம்ம கனம் இன்னா?"

"வந்த வழியே திரும்பினா இப்பவே வீட்டுக்குத்தான் போகணும்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை இன்றைக்கும் என்னால் தாங்க முடியவில்லை. மனைவிக்காக மனசு இளகின ஒரு மனுசனின் முகம் அது. ஹெல்மெட் பட்டையை இறுக்கிக்கொண்டு, "நா முன்னாடி போறேன். நீ என் தடத்துலயே வா" என்றார். கீழே இறங்கினதும் நிறுத்தவில்லை. குனியவில்லை. உருட்டிப் பார்த்திருந்தால் திரும்பியிருப்பார். திரும்ப வேண்டாம் என்பதற்காகத்தான் அவர் பார்க்கவில்லை என்று நான் நினைக்கிறேன்.

முதல் நூறடி தாங்கியது. பிறகு பொருக்கு உடைந்தது. அவருடைய பின் சக்கரத்திலிருந்து கறுப்புச் சேறு கட்டி கட்டியாகத் தெறித்து என் முகத்தில் விழுந்தது. நான் சிரித்தேன். ஆமாம், சிரித்தேன். இரண்டு சக்கரமும் தடித்துக்கொண்டே போயின. டயரின் முள் எல்லாம் சேறு அடைத்து, வழவழவென்று உருளைபோல ஆகிவிட்டது. எனக்கு முன்னால் ஐம்பதடி தூரத்தில், ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் குறுக்கே போனது. ஆள் உயரம் ஆழம் இருக்கும். அதில் இறங்கி ஏற ஒரு சரிவு உண்டு. கோடையில் அதில் இறங்குவதுதான் எங்களுக்குப் பெரிய குஷி. அவர் நிறுத்தப் பார்த்தார். பிரேக் பிடித்தது, சக்கரமும் நின்றது, ஆனால் வண்டி நிற்கவில்லை. களியின் மேல் வழுக்கிக்கொண்டே போய்ச் சரிவில் நேராக இறங்கியது. பாதியில் முன் சக்கரம் ஃபோர்க்கோடு சேர்ந்து இறுகிக்கொண்டது. அவர் ஹேண்டில்பாருக்கு மேலே போனதைப் பார்த்தேன். விழுந்ததைப் பார்க்கவில்லை. சத்தம் மட்டும் கேட்டது. காய்ந்த விறகை மடக்கி உடைப்பது மாதிரி ஒரு சத்தம்.

கீழே குதித்து ஓடினேன். ஓட முடியவில்லை, ஒவ்வொரு காலையும் களி பிடித்து இழுத்தது. அவர் வரத்துக்காலின் அடியில், கணுக்கால் ஆழத் தண்ணீரில் மல்லாந்து கிடந்தார். வலது தொடை இருக்கக்கூடாத ஒரு திசையில் மடங்கியிருந்தது. முட்டிக்கு மேலே பேண்ட் கிழிந்து உள்ளே வெள்ளையாக ஏதோ தெரிந்தது. அதன் மேலெல்லாம் சேறு.

"போன எடு" என்றார். அவருக்கு என் குரல் கேட்காதே தவிர, அவர் குரல் தெளிவாகத்தான் இருந்தது. சட்டைப் பையிலிருந்து எடுத்தேன். கண்ணாடி நொறுங்கி, உள்ளே தண்ணீர். அழுத்தினேன், துடைத்தேன், மறுபடியும் அழுத்தினேன். ஒரு வெளிச்சம் வந்தது. போய்விட்டது. பிறகு வரவில்லை.

அப்போதுதான் வெயில் போனது. நிமிர்ந்து பார்த்தேன். மலையின் உச்சியைக் காணோம். ஐப்பசி மழை கிழக்கிலிருந்து வருவது. நாங்கள் இருந்தது மலைக்கு மேற்கே. அந்தக் கருமேகம் எவ்வளவு நேரமாக மலைக்குப் பின்னால் ஏறிக்கொண்டிருந்ததோ, மலை அதை எங்களுக்கு மறைத்துவிட்டது. இப்போது அது மலையைத் தாண்டி எங்கள் தலைக்கு மேல் வந்துவிட்டது.

மழை விழுந்தால் வரத்துக்காலில் தண்ணீர் வரும். இரண்டு பேருக்கும் அது தெரியும். அவருடைய அக்குள்களுக்குள் கை கொடுத்து மேலே இழுத்தேன். அவர் கத்திய கத்தலில் கையை விட்டுவிட்டேன். மறுபடியும் இழுத்தேன். களியில் என் குதிகால் நிற்கவே இல்லை. ஒரு அடி இழுத்தால் இரண்டு பேரும் முக்கால் அடி வழுக்கினோம். எவ்வளவு நேரம் அப்படிச் செய்தேனோ. கடைசியில் அவருடைய முதுகு மட்டும் கரைச் சரிவில் சாய்ந்தது. கால் இரண்டும் தண்ணீரில்தான். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"நீ போ" என்றார்.

"ஒங்கள வுட்டுட்டு எங்கங்க போவேன்?"

"இன்னா?"

காதருகே போய்க் கத்தினேன். "வுட்டுட்டு எங்க போவேன்?"

"இங்க ஒக்காந்தா ரெண்டு பேரும் போய்டுவோம். போ. மேட்டு வழி வேணாம், அங்க ஆளு கெடயாது. ஏரிக்கர மேல போ, அந்தாண்ட வீடு இருக்கு."

என் ஹெல்மெட்டைக் கழற்றி அவர் தலைக்கு அடியில் வைத்தேன். என் துப்பட்டாவைத் தொடையில் கட்டினேன். திரும்பிப் பார்க்காமல் கிளம்பினேன். திரும்பிப் பார்த்தால் போகமாட்டேன் என்று தெரிந்தது.

சைக்கிளை எடுத்ததுதான் நான் செய்த அடுத்த முட்டாள்தனம். வேகமாகப் போகலாம் என்ற எண்ணம். பத்துச் சுற்று சுற்றியதும் சக்கரம் நின்றுவிட்டது. குச்சியால் சுரண்டினேன். மறுபடியும் எட்டுச் சுற்று. மறுபடியும் சுரண்டினேன். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. தள்ளினால் உருளவில்லை. தூக்கினேன். இரண்டு மடங்கு கனம். ஐம்பதடி தூக்கிப் போய்விட்டுக் கீழே எறிந்தேன். ஷூவில் ஒட்டிய களி ஒவ்வொரு அடிக்கும் தடித்து, பெரிய பலகையைக் காலில் கட்டிக்கொண்டு நடப்பது மாதிரி ஆகிவிட்டது. ஷூவையும் கழற்றி எறிந்தேன். வெறுங்காலோடு, கையையும் ஊன்றித் தவழ்ந்து, அம்மா அம்மா என்று கத்திக்கொண்டு போனேன். இறந்துபோன அம்மாவை. மூன்று மாதமாக வராத அழுகை அப்போது வந்தது.

ஏரிக்கரைச் சரிவில் புல் இருந்தது. புல்லில் கால் பட்டதும் வழுக்குவது நின்றது. வேர் மண்ணைப் பிடித்து வைத்திருந்தது. அந்தப் பிடிப்பு உள்ளங்காலில் பட்ட கணம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. மேலே ஏறி ஓடினேன். கரை முடியும் இடத்தில், சிமெண்ட் ஷீட் போட்ட மோட்டார் கொட்டகையில் ஒரு அம்மா, மழைக்கு ஒதுங்கி ஆடுகளோடு நின்றிருந்தார். ஐம்பது வயது இருக்கும். யூரியா சாக்கை மடித்து, தலையையும் முதுகையும் மூடும் கொங்காணி மாதிரி போட்டிருந்தார்.

"யாரும்மா நீ? இன்னா ஆச்சு?"

ஏரிப் பக்கம் கையைக் காட்டினேன்.

"யாரு, புருசனா? எங்க வுழுந்தாரு?"

"வாய்க்கால்ல. சைக்கிள்லேர்ந்து. காலு ஒடஞ்சிட்டுது. தண்ணில கெடக்கறாரு."

அவர் முகம் மாறியது. "வரத்துக்காலுலயா? அய்யோ, மல மேல பேஞ்ச தண்ணி இப்ப வந்துருமே!" என்றபடி இடுப்பிலிருந்து போனை எடுத்தார். தன் வீட்டுக்கு, பிறகு பக்கத்து வீட்டுக்கு, பிறகு ஆம்புலன்சுக்கு. "டிராக்டர் வேணாம், மாட்டிக்கும். கட்டிலு எடுத்தாங்க. அஞ்சாறு பேரு வாங்க" என்று கத்தினார். ஆடுகளைக் கொட்டகைக்குள் தள்ளிப் படலைச் சாத்திவிட்டு, "வா" என்று எனக்கு முன்னால் நடந்தார்.

"கறுப்புல கால வைக்காத. புல்லு இருக்கற எடமா பாத்து வா" என்று ஒவ்வொரு திருப்பத்திலும் சொன்னார். நேராகப் போனால் கால் மணி நேரம். புல்லும் வரப்புமாகச் சுற்றிப் போனதில் இன்னும் அதிகம் ஆனது. வழியெல்லாம் நான் கணக்குப் போட்டேன். கிளம்பும்போது தண்ணீர் கணுக்கால். அவர் இடுப்பு தரையில். தலை எவ்வளவு உயரம்? மூன்றடி இருக்குமா? சரிவில் வழுக்கிக் கீழே போயிருந்தால்?

வரத்துக்காலுக்கு வந்து நின்றபோது அதில் செம்பழுப்பாகத் தண்ணீர் கரை முட்டப் போய்க்கொண்டிருந்தது. அவர் இல்லை.

இந்த இடம்தானா என்றுகூடத் தெரியவில்லை. எல்லாக் கருவேலமும் ஒரே மாதிரி. எங்கள் சக்கரத் தடம் எல்லாம் மழையில் கரைந்துவிட்டது. என்னுடைய ஹெல்மெட் ஒரு வேரில் மாட்டிக்கொண்டு தண்ணீரில் ஆடியது. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். இருபது வருடத்தில் முதல் தடவையாக அவரைப் பெயர் சொல்லிக் கத்தினேன். மழைச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. அவருக்கு எப்படிக் கேட்கும்? நல்ல வெயிலில் பக்கத்தில் நின்று கூப்பிட்டாலே கேட்காதவர். கூப்பிடுவதால் பயனில்லை என்று தெரிந்தும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். தண்ணீருக்குள் இறங்கப் போனேன். அந்த அம்மா என் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"வுடுங்க, அடியில கெடப்பாரு! வுடுங்க!"

"இரும்மா! இரு! அங்க பாரு, அது இன்னா?"

அவர் காட்டியது எதிர்ப்பக்கக் கரையில்லை, நாங்கள் நின்ற பக்கமே, பத்தடி தள்ளி. களியில் ஒரு அகலமான பள்ளம், ஒரு மூட்டையை இழுத்துப்போன மாதிரி. இரண்டு ஓரமும் முழங்கை ஊன்றின குழிகள். ஒவ்வொரு குழியிலும் மழைத் தண்ணீர் நிறைந்திருந்தது. மெல்லிய சக்கரத் தடம் எல்லாம் போய்விட்டிருந்தது. ஒரு முழு மனுசனின் கனம் இழுபட்ட தடத்தை மட்டும் களி இன்னும் விடாமல் வைத்திருந்தது.

அதன் வழியே ஓடினோம். இருபதடி தள்ளி ஒரு கருவேலப் புதருக்குப் பின்னால் அவர் குப்புறக் கிடந்தார். வேரைப் பிடித்து, கிளையைப் பிடித்து, உடைந்த காலை இழுத்துக்கொண்டு அத்தனை தூரம் வந்திருக்கிறார். இரண்டு உள்ளங்கையும் முள் கிழித்துச் சதையாக இருந்தன. உதடு நீலம். நான் தொட்டதும் கண்ணைத் திறந்தார்.

"நீ வரமாட்டன்னு நெனச்சேன்" என்றார்.

ஆறு பேர் கயிற்றுக் கட்டிலோடு வந்தார்கள். யாரையும் எனக்கு முன்பின் தெரியாது. கட்டிலில் அவரைத் தூக்கி வைத்தபோது அவர் போட்ட சத்தத்தை எழுத வரவில்லை. வரப்பு மேல் இரண்டு பேர்தான் சேர்ந்து நடக்கலாம். மற்றவர்கள் கீழே களியில் இறங்கி, முழங்கால் புதைய, தோள் கொடுத்தார்கள். ஒரு இடத்தில் ஒருவர் வழுக்கிக் கட்டில் ஒரு பக்கம் சாய்ந்து தரையில் மோதியது. அப்போது அவர் கத்தவில்லை. மயங்கிவிட்டார். செத்துவிட்டார் என்றே நினைத்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் நடந்துகொண்டே மூக்கின் கீழ் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஆம்புலன்ஸ் தார் முடிகிற இடத்தில் நின்றது. அதற்கு மேல் ஒரு அடிகூட வர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொன்னது சரிதான். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று.

மருத்துவமனையில் அவருடைய காலைக் கழுவிக்கொண்டே இருந்தார்கள். தண்ணீர் கறுப்பாகவே வந்தது. எலும்புக்குள் களி போயிருக்கிறது, அதுதான் பயம் என்றார் மருத்துவர். கம்பி வைத்தார்கள். ஐந்தாம் நாள் காய்ச்சல் வந்தது. காயம் நாறியது. திறந்து கழுவினார்கள். மறுபடியும் காய்ச்சல். மறுபடியும் திறந்தார்கள். முட்டிக்கு மேலே காலை எடுத்துவிட வேண்டியிருக்கலாம், மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள் என்று ஒரு நாள் சொன்னார்கள். கல்லூரி விடுதியிலிருந்து வந்திருந்த எங்கள் மகள், அவர்கள் கையெழுத்துக்குக் கொடுத்த சம்மதத் தாளைப் படித்துவிட்டு, "மழைல யாரும்மா சைக்கிள்ல போவாங்க? அப்பா ஏன் போனாரு?" என்று கேட்டாள். "போகலாம்னு தோணிச்சு, போனோம்" என்றேன். அவளிடம்கூட நான் சொல்லவில்லை. என் கையில் நகத்துக்கடியில் அந்தக் கறுப்பு இரண்டு வாரம் இருந்தது. அவருடைய கட்டிலுக்கடியில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு அதை ஊக்கால் நோண்டிக்கொண்டே இருப்பேன்.

காலை எடுக்கவில்லை. ஏன் காய்ச்சல் விட்டது என்று எனக்குத் தெரியாது. மூன்றாவது முறை திறந்து கழுவிய பிறகு விட்டது. வலது கால் இரண்டு விரற்கடை குட்டையாகிவிட்டது. முட்டி முழுசாக மடங்காது. பங்குனியில் ஊன்றுகோலோடு வீட்டுப்படி ஏறினார்.

அந்த ஆட்டுக்கார அம்மா எங்கள் சைக்கிள் இரண்டையும் களியிலிருந்து எடுத்து வைத்திருந்தார். தை மாதம் நான் போய்ப் பார்த்தபோது, சக்கரத்தைச் சுற்றிக் களி கல்லாகியிருந்தது. அவருடைய மருமகன் சுத்தியலால் தட்டித் தட்டி உடைத்தார். அவர்கள் வீட்டில் எனக்கு மோர் கொடுத்தார்கள். குடிக்கும்போது டம்ளர் சரிந்து தரையில் கொட்டிவிட்டது. "வுடும்மா, மண்ணுதானே குடிக்குது" என்றார் அந்த அம்மா. இரண்டு வண்டியையும் அவர்களே வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். நான் ஓட்டுவதில்லை. மூச்சு இப்போதும் சில நாள் பாதியில் நிற்கிறது. அதற்கு வேறு வழி நான் கண்டுபிடிக்கவில்லை.

இந்த வருடம் ஐப்பசியில் மழை வந்த முதல் நாள், அவருக்குக் கால் வலி தாங்கவில்லை. நல்லெண்ணெய் காய்ச்சி நீவிவிட்டுக்கொண்டிருந்தேன். அந்த நீளமான தழும்பின் மேல் கை போனதும் எனக்குள் ஏதோ உடைந்துவிட்டது. அவருடைய காதருகே குனிந்து, தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன்.

"நாந்தாங்க ஒங்கள இப்பிடி ஆக்கிட்டேன். நீங்க வேணாம்னீங்க. நாந்தான் எறக்குனேன்."

அவர் எரிச்சலாக, "ஏன், எனக்கு மண்ணு தெரியாதா?" என்றார். "எறங்குனதும் சக்கரம் பட்ட ஒடனே தெரிஞ்சுது எனக்கு. நிறுத்தி இருக்கலாம். ஒங்கம்மா போனதுலேர்ந்து நீ அன்னிக்குத்தான் மேட்டு மேல நின்னு வாய் தொறந்து பேசுன. திரும்பிப் போலாம்னு சொல்ல மனசு வரல. அதுக்கு நீ இன்னா பண்ணுவ?"

அது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. தெரிந்தே இறங்கினார் என்பது, தெரியாமல் இறங்கினார் என்பதைவிட மோசமாக இருந்தது. எனக்காக ஒருவர் அவ்வளவு செய்திருக்கிறார் என்பதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அழுதேன். அவர் என் தலைமேல் கை வைத்தார். முள் கிழித்த அந்த உள்ளங்கை சொரசொரவென்றிருந்தது.

"அழுவாத. இன்னொரு காலயும் புடிச்சு வுடு, அதுவும் நோவுது" என்றார்.

வெளியே மழை வலுத்தது. நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு இடது காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன்.